ஜன்னலுக்கு எதிரே காலி மனை

வீடு பார்க்கப் போனது 2021 அக்டோபரில், ஒரு மாலை ஆறு மணிக்கு. நான்காவது மாடி, மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். கீழே ஒரு கார் பார்க்கிங் மனை, அதற்கு அப்பால் உட்மென் டவர் என்ற அலுவலகக் கோபுரம், அதன் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியன். வாடகை அலுவலகத்துப் பெண் திரையை ஏற்றிவிட்டு எதுவும் பேசாமல் நின்றார். கெட்டிக்காரி. என் கணவர் கிச்சனைக்கூடப் பார்க்கவில்லை. 13 மாத லீஸ், அதில் ஒரு மாதம் இலவசம். மறுநாளே கையெழுத்துப் போட்டோம். புறநகரில் வளர்ந்துகொண்டிருந்த கறிவேப்பிலைச் செடியை முதல் வேலையாக அந்த ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தேன்.

ஒன்பதாவது மாதம் அந்த மனையைச் சுற்றி வேலி போட்டார்கள்.

ஊர் ஒமாஹா. நெப்ராஸ்கா மாநிலத்தின் பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 4.86 லட்சம். மிசௌரி ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கே மேற்கே நீண்டுகொண்டே போன ஊர். தெருக்களின் எண்ணும் ஆற்றிலிருந்துதான் ஆரம்பம். பத்தாவது தெரு என்றால் டவுன்டவுன், நூற்று நாற்பதாவது தெரு என்றால் புது வீடுகளும் புல்வெளியும். வேலைக்காக இங்கே வரும் நம்மவர்களில் பலர் நேராக மேற்குப் பக்கம்தான் போவார்கள். நாங்களும் ஐந்து வருடம் அங்கேதான் இருந்தோம். பால் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டிய வாழ்க்கை அலுத்துப்போய் டவுன்டவுனுக்கு வந்தோம். அந்த முடிவில் இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் வந்த விதத்தில் சில முட்டாள்தனங்கள் இருந்தன.

முதல் முட்டாள்தனம், எதிரே இருந்த மனையை வெறும் பார்க்கிங் என்று நினைத்தது. இந்த மாதிரி நடுத்தர ஊர்களின் டவுன்டவுனில் பார்க்கிங் மனை என்பது, பெரும்பாலும் ஒரு பழைய கட்டடத்தை இடித்த இடம். அடுத்த கட்டடத்துக்கான பணம் சேரும்வரை அதில் கார் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். யாருடையது என்று பார்ப்பது ரொம்ப எளிது. மாவட்ட நிர்வாகத்தின் சொத்து மதிப்பீட்டு இணையதளத்தில், இங்கே அது டக்ளஸ் கவுன்டி, வரைபடத்தில் அந்த மனையைத் தொட்டால் உரிமையாளர் பெயர், கடைசியாக விற்ற தேதி, விலை எல்லாம் வந்துவிடும். உரிமையாளர் பெயர் அந்த மனையின் முகவரியாகவே இருந்து, பின்னால் எல்எல்சி என்று ஒட்டிக்கொண்டிருந்தால், யாரோ ஒரு கட்டடத்துக்காகவே ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு, நகரத் திட்டக் குழுவின் கடந்த ஓராண்டு கூட்ட நிகழ்ச்சி நிரல்களைத் திறந்து அந்தத் தெரு எண்ணைத் தேட வேண்டும். பத்து நிமிட வேலை. வேலி போட்ட பிறகு நான் அதைச் செய்தேன். நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு மூன்று மாதம் முன்பே எதிர்மனைக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது.

வாடகை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். “அது எங்கள் கட்டடம் இல்லையே” என்றார் அந்தப் பெண், சிரித்த முகத்தோடு. உண்மைதானே! லீஸை எடுத்துப் பார்த்தால், அக்கம்பக்கத்துக் கட்டுமானத்தைக் காரணம் காட்டி வாடகையைக் குறைக்கச் சொல்ல முடியாது என்று ஒரு பத்தி. படிக்காமல் போட்ட கையெழுத்து எங்களுடையது.

அந்த அக்டோபரில் அப்பா புதுக்கோட்டையிலிருந்து வந்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா போன பிறகு முதல் வெளிநாட்டுப் பயணம். குளிர்காலத்தில் நான்காவது மாடியில் அடைபட்டு என்ன செய்யப் போகிறாரோ என்று கவலைப்பட்டேன். அவருக்கோ ஜன்னலே போதுமாக இருந்தது. காலை ஏழு மணிக்கு எதிரே இயந்திரம் உறுமத் தொடங்கும்போது காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு இரைச்சலாக இருந்தது அவருக்குக் கச்சேரி.

“ஏம்மா, மேஸ்திரி யாருன்னே தெரியலியே. பதினஞ்சு பேர்தான் இருக்காங்க, ஆனா வேலை ஓடுது.”

டிசம்பரில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்ட குரலில் நான் பயந்தே போனேன். ஓடிப் போய்ப் பார்த்தால், அன்று ஊற்றிய கான்கிரீட்டுக்கு மேல் ஆட்கள் தடிமனான போர்வைகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். மெத்தை மாதிரி பஞ்சு வைத்துத் தைத்த கறுப்புப் போர்வைகள். ஓரங்களில் கட்டை வைத்து அழுத்தி, ஒரு பக்கம் சூடான காற்று ஊதும் குழாயையும் சொருகினார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. ஈரமான கான்கிரீட்டில் உள்ள தண்ணீர் உறைந்தால் அது இறுகுவதற்கு முன்பே உள்ளே பிளந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் போர்வை. அப்பா நாற்பது வருடம் செய்தது இதற்கு நேர் எதிர். தளம் போட்ட மறுநாள் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார், தூணுக்கு ஈரச் சாக்குச் சுற்றுவார், வெயில் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. “அங்க குளிப்பாட்டணும், இங்க போத்திவிடணும்” என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்கிரீட் இரண்டாவது தளத்தோடு நின்றது. அதற்கு மேல் லாரியில் மரச்சட்டங்கள் வந்து இறங்கின.

“மேல அஞ்சு மாடியும் மரமா?” அப்பாவால் நம்ப முடியவில்லை. அமெரிக்கா முழுக்க டவுன்டவுன்களில் இப்போது எழும்பும் அடுக்குமாடிகளில் பெரும்பங்கு இப்படித்தான். கீழே ஒன்றிரண்டு தளம் கான்கிரீட்டில், அங்கே கடையும் பார்க்கிங்கும். மேலே நான்கைந்து மாடி மரச்சட்டத்தில். கோபுரம் கட்டுவதைவிடச் செலவு மிகக் குறைவு. அதனால்தான் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி கட்டடங்கள்.

வாடகைக்குப் போகிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மரத்தளம் காலடிச் சத்தத்தை நன்றாகவே கீழே இறக்கும். மேலே குழந்தை ஓடினால் கீழே இருப்பவருக்குத் தெரியும். இப்படிப்பட்ட கட்டடத்தில் முடிந்தால் கடைசி மாடியைக் கேளுங்கள். பழைய கிடங்குகளை வீடாக மாற்றியவை என்றால் சுவர் இரண்டடிச் செங்கல், அழகு, பக்கத்து வீட்டுச் சத்தம் வராது. ஆனால் உத்தரங்கள் தெரியவேண்டும் என்று கூரையைத் திறந்தே விட்டிருந்தால் அங்கேயும் மாடிச் சத்தம் வரும். போதாததற்கு, பல கிடங்கு வீடுகளில் படுக்கையறைக்கு ஜன்னலே இருக்காது. பழமை மாறாமல் புதுப்பித்தால் மத்திய அரசு செலவில் 20 சதவீதத்தை வரிச்சலுகையாகத் தருகிறது. அதற்காக வெளி முகப்பையும் ஜன்னல்களையும் இருந்தபடியே வைக்கிறார்கள். நீங்கள் பால்கனி கேட்டால் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, எங்கள் வீட்டுக்கு மட்டுமே சொந்தமான பிரச்சினை என்று முதலில் நினைத்தேன். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த வீடுகளில் பெரும்பாலும் மைக்ரோவேவுக்கு அடியில் ஒரு விசிறி இருக்கும். அது புகையை உறிஞ்சி, ஒரு வடிகட்டியைக் காட்டிவிட்டு, உங்கள் முகத்திலேயே திருப்பி ஊதும். கணவர் முதன்முதலாக அங்கே வரமிளகாய் தாளித்த அன்று அலாரம் அலறி, அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டார். விசிறியைப் போட்டுக் கையை மேலே பிடித்துப் பாருங்கள். காற்று அடித்தால் அது உள்சுற்றுதான்.

ஜனவரியில் அப்பாவுக்கு வேறொரு கேள்வி வந்தது. இதற்கெல்லாம் பணம் யார் போடுகிறார்கள்? நான் அதுவரை யோசித்ததில்லை. இங்கே டவுன்டவுனில் எதைத் தோண்டினாலும் டிஐஎஃப் (டாக்ஸ் இன்கிரிமென்ட் ஃபைனான்சிங், கட்டடத்தால் கூடும் வரியைக் கொண்டே அதற்குப் பணம் திரட்டுவது) என்ற மூன்றெழுத்து வரும். பேச்சில் டிஃப் என்பார்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலி மனைக்கு வருடம் 10,000 டாலர் சொத்து வரி வருகிறது. கட்டடம் எழும்பிய பிறகு 3,10,000 வரும். பழைய 10,000 வழக்கம்போலப் பள்ளிக்கும் கவுன்டிக்கும் நகருக்கும் போகும். கூடுதலான 3 லட்சம், நெப்ராஸ்காவில் பொதுவாக 15 வருடம் வரை, அந்தத் திட்டத்துக்காக வாங்கிய கடனை அடைக்கவே போகும். இதைப் பெற அந்த இடம் சிதைவுற்றது, தரம் தாழ்ந்தது என்று நகரசபை அறிவிக்க வேண்டும். இந்தச் சலுகை இல்லாவிட்டால் திட்டமே நடக்காது என்றும் காட்ட வேண்டும்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “இதுவா சிதைஞ்ச இடம்?”

பக்கத்தில் 15 டாலருக்குக் காபி விற்கவில்லை என்றாலும், ஏழு டாலருக்கு விற்கிறார்கள். சிதைவு என்ற சொல் சட்டத்துக்கு மட்டும்தான் பொருந்துகிறது. எனக்கு இதில் இரண்டு மனது. வெறும் கார் நிறுத்திய மனை எந்தக் காலத்திலும் பள்ளிக்குப் பெரிதாகக் கொடுத்திருக்காது என்பது சரி. ஆனால் மாநிலத்தில் பள்ளிகள் பெரிதும் சொத்து வரியை நம்பியிருக்கும்போது, 15 வருடம் என்பது ஒரு குழந்தை எல்கேஜியில் சேர்ந்து பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம். இந்தச் சலுகை எல்லோருக்கும் எப்போதும் என்று ஆகிவிட்டால், இல்லாவிட்டால் கட்டவே மாட்டோம் என்ற பேச்சை நான் நம்ப மாட்டேன்.

நம்பாததற்கு இந்த ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஆற்றோரம் ஜாபர்ஸ் கேன்யன் என்று ஒரு பகுதி இருந்தது. இரயிலில் வந்த சரக்கை மேற்கே அனுப்பிய மொத்த வியாபாரிகளின் கிடங்குகள், வரிசையாக, ஆறேழு மாடிச் செங்கல் கட்டடங்கள். 1986-ல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த மூன்று வருடத்துக்குள் 24 கட்டடங்களும் போயின. உணவு நிறுவனமான கான்ஆக்ரா தன் தலைமையகத்தை அங்கே வைக்க விரும்பியது. அதன் தலைவருக்கு அவை பெரிய, அவலட்சணமான சிவப்புச் செங்கல் கட்டடங்களாகத் தெரிந்தன. தேசியப் பட்டியலிலிருந்து மொத்தமாக அழிந்த பகுதிகளில் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள். அங்கே தாழ்வான அலுவலகங்கள், ஏரி, புல்வெளி எல்லாம் வந்தன. ஊர் இவ்வளவு விட்டுக்கொடுத்தும், 2015-ல் கான்ஆக்ரா தலைமையகம் சிகாகோவுக்கு மாறுவதாக அறிவித்தது. நாங்கள் ஒமாஹாவுக்கு வந்த 2016-ல் மாறியும்விட்டது. இப்போது அந்த வளாகத்திலேயே தெருக்களைத் திரும்பப் போட்டு, வீடும் கடையுமாகக் கட்டுகிறார்கள். இடிக்காமல் விட்ட பக்கத்துத் தெருக்கள்தான் இன்றைய ஓல்ட் மார்க்கெட். வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் ஊர்க்காரர்கள் முதலில் கூட்டிப்போகும் இடம் அது.

ஆகவே, எதிரே வரலாற்றுச் சின்னம் இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பி ஜன்னலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேசியப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் தனியார் இடிப்பதைத் தடுக்காது. நகரமே தனியாகப் பாதுகாப்பு அறிவித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசுக் கட்டடமும் உத்தரவாதமில்லை. 1976-ல் திறந்த மத்திய நூலகத்தை 2022-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் 2023 தொடக்கத்தில் மியூச்சுவல் ஆஃப் ஒமாஹா காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகக் கோபுரத்துக்கு வேலை ஆரம்பித்தது. 44 மாடி, 677 அடி. அதுவரை ஊரில் உயரமாக இருந்த 634 அடி ஃபர்ஸ்ட் நேஷனல் கோபுரத்தைத் தாண்டுகிறது. அந்த வேலி ஓரம் அப்பாவோடு நடக்கும்போது, நூலகத்துக்கு 46 வயது என்றேன். “நம்ம வீட்டுக்கு 51” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பூங்காவாவது நிலைக்கும் என்பீர்கள். பக்கத்திலேயே ஜீன் லேஹி மால் பூங்கா, தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு நீண்ட குளத்தோடு இருந்தது. குளத்தைத் தூர்த்து, தரையை மேலே கொண்டுவந்து, 2022 ஜூலையில் புதிதாகத் திறந்தார்கள். ஆனால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆற்றங்கரை வரை மூன்று பூங்காக்களையும் சேர்த்து 72 ஏக்கர், 30 கோடி டாலருக்கு மேல் செலவு, பெரும்பகுதி நன்கொடை. பழைய பூங்காவில் மாலையில் தனியாக இறங்கவே யோசிப்பேன். இப்போது ஜூலை இரவு பத்து மணிக்கும் குழந்தைகள் சறுக்குமரத்தில் இருக்கிறார்கள். பழைய சறுக்குமரங்களை மட்டும் எடுக்காமல் வைத்திருப்பது யாரோ புத்திசாலியின் வேலை. டவுன்டவுனில் வீடு பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இந்தப் பூங்காவுக்கு நடந்துபோக எவ்வளவு நேரம் என்று பாருங்கள் என்பதுதான். கோபுரம் எத்தனை மாடி என்பதால் அங்கே குடியிருப்பவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

டிராம் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒமாஹாவில் 1955-ல் நின்றுபோன டிராமை மறுபடி கொண்டுவருகிறார்கள். சுமார் மூன்று மைல், பயணம் இலவசம். 2022 ஜனவரியில் அந்தக் கோபுரத்தோடு சேர்த்தே அறிவித்தார்கள். முதலில் 30.6 கோடி டாலர் என்றார்கள், அப்புறம் 38.9 கோடி என்றார்கள், அதோடும் நிற்கவில்லை. இதை எழுதும்போது வண்டி இன்னும் ஓடவில்லை. இதற்கான கடனையும் பாதையோரம் எழும்பும் புதுக் கட்டடங்களின் டிஃப் பணத்திலிருந்து அடைப்பதுதான் திட்டம். ஆகவே வாடகைக்காரர் இதைப் புரிந்துகொள்ள வேண்டியது இப்படி: அந்தப் பாதையிலிருந்து சில தெருவுக்குள் எந்த மனையும் காலியாக இருக்கக் கூடாது என்பதில் நகரத்துக்கே அக்கறை உண்டு.

எங்கள் கட்டடத்துக்கு அடுத்த பக்கமும் ஒரு திட்டம் வந்தபோது, இந்த முறை நகரசபைக் கூட்டத்துக்கே போனேன். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி, அரை நாள் விடுப்பு. டெல்லியில் மனு கொடுக்கப் போகிற மாதிரி பதற்றம் எனக்கு. போய்ப் பார்த்தால் பொதுமக்கள் வரிசையில் என்னையும் சேர்த்து ஆறு பேர். கட்டாதீர்கள் என்று பேசிய இருவரை மரியாதையாகக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. நடைபாதையை 18 மாதம் மூடுவதற்குப் பதில் மேலே தடுப்புக் கூரை போட்டுத் திறந்து வைக்க முடியுமா, எங்கள் கட்டடத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார். நகர ஊழியர் ஒருவர் வெளியே வந்து என் எண்ணைக் குறித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் கூரை வந்தது. என்னால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், வேறு யாரும்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் சிகாகோவில் இது நடந்திருக்குமா என்று யோசித்தேன். ஒமாஹா அளவுள்ள ஊரில், முடிவெடுக்கிற ஏழு உறுப்பினர்களையும் ஒரே அறையில் நேருக்கு நேர் பார்த்துப் பேசலாம்.

வாடகையிலும் ஒரு தந்திரம் கற்றோம். எதிர்க்கட்டடம் முடிந்து வாடகைக்கு வரும்போது அவர்கள் நிரப்ப வேண்டிய வீடுகள் நூற்றுக்கு மேல். ஆறு வாரம், எட்டு வாரம் இலவசம் என்று பலகை தொங்கும். உங்கள் லீஸ் முடிவதும் அந்த நேரத்தில் விழுந்தால் உங்கள் கை ஓங்கும். அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். வாடகை ஏறவில்லை, கராஜில் ஆறு மாதம் இலவசமாக இடமும் கிடைத்தது. குளிர்காலத்தில் முடிகிற லீஸும் நல்லதுதான், பனியில் வீடு மாற்ற யாரும் வருவதில்லை. கராஜ் முக்கியம் என்பது மே, ஜூனில் தெரியும். மே முதல் வாரம் பெர்க்ஷயர் ஹாத்வே முதலீட்டு நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டம், ஜூனில் கல்லூரி பேஸ்பால் இறுதிச் சுற்று. ஊர் நிரம்பி வழியும் அந்த நாட்களில் விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டால் அவர் காரை எங்கே நிறுத்துவது என்பதே குடும்பச் சண்டையாகும்.

பிப்ரவரியில் எதிரே ஐந்தாவது தளத்தின் மரச்சட்டம் எழும்பிய வாரம், மதியம் மூன்று மணிக்கே எங்கள் வீட்டில் விளக்குப் போட வேண்டிவந்தது. கறிவேப்பிலை பத்து நாளில் பாதி இலையைக் கொட்டியது. அப்பா கிளம்பும் முன் செடியைக் குளியலறை விளக்குக்குக் கீழே நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

போன வருடம் ஓல்ட் மார்க்கெட் பக்கம் வேறு வீட்டுக்கு மாறினோம். தெற்குப் பார்த்த ஜன்னல், வெளியே போகும் புகைபோக்கி. இந்தத் தடவை எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிரே இரண்டு மாடிச் செங்கல் கட்டடம், முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் பெயரில். திட்டக் குழுவின் தாள்களில் அந்த எண்ணே இல்லை. வீடியோ அழைப்பில் செடியையும் ஜன்னலையும் அப்பாவுக்குக் காட்டினேன்.

“எதிர்ல மனை எத்தனை அடி அகலம்?”

மறுநாள் பார்த்துச் சொன்னேன். 66 அகலம், 132 நீளம்.

“பக்கத்துல?”

“பார்க்கிங்ப்பா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப வரும்” என்றார்.

பன்னிரண்டு மாதத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.